ஏழுக்கு மூன்று

ஆபீஸைக் காலி செய்வதென்றால் சாமானைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். அண்ணியும் படித்ததில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த இரண்டு அறையில் உட்கார்ந்து யார் யார் வீட்டுக்கோ பிளான் போட்டுக் கொடுத்தவள், தன் தலைக்கு மேல் இருந்த கூரையைப் பற்றிய காகிதத்தை ஒரு தடவைகூடப் புரட்டவில்லை. அதெல்லாம் புருஷன் பாடு என்று விட்டிருந்தாள். அவரோ மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று படியிறங்கியவர், நாலாவது படியில் உட்கார்ந்தார். அதோடு சரி.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எந்த பேங்க்கில் என்ன இருக்கிறது, எந்தப் பிளான் யாருக்குப் பாக்கி, கம்ப்யூட்டருக்கு என்ன பாஸ்வேர்டு, ஒன்றும் தெரியாமல் ஒரு வருஷம் அல்லாடினாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற மனுஷர்; அவரிடம் ஒழுங்கை எதிர்பார்த்தது தன் தப்புதான் என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்வாள். பல நாள் சமாதானம் ஆகாது.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் நாத்தனார். ஆனால் கேட்டுக் கேட்டு தபால்காரரிலிருந்து பக்கத்து ஆபீஸ் வக்கீல் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்கு அவளுடைய அண்ணன் வைத்த பேர் பட்டாசு. ஐம்பது வயசாகியும் அந்தப் பேருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணன் போன பிறகு தான் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு, "நீங்க தனியா உட்கார்ந்து அழுதுகிட்டே கோடு போட்டா கோடு கோணலாப் போகும்" என்று வந்து சேர்ந்தவள்.

இரண்டு பேருக்கு இரண்டாம் மாடியில் இவ்வளவு பெரிய இடம் எதற்கு என்று, இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்தார்கள். அதற்கு முன்னால் நாலைந்து இடம் பார்த்து அண்ணி வேண்டாம் என்றாள். ஒன்றில் வெளிச்சம் அருமை, ஒன்றில் வாடகை பாதி, ஆனாலும் வேண்டாம். அவள் கையில் எப்போதும் ஓர் இஞ்சு டேப் இருந்தது. அவருடைய மேஜை உள்ளே நுழையுமா, ஜன்னலோரம் நிற்குமா, அதுதான் கணக்கு.

மற்ற எதையும் அவள் எடுத்துப்போக நினைக்கவில்லை. அலமாரியை விற்றாயிற்று, நாற்காலிகளைப் பக்கத்து வக்கீலுக்கே கொடுத்தாயிற்று. மேஜை மட்டும் வேண்டும். இரண்டு இரும்பு டிராயர் பெட்டிகளுக்கு மேல் படுத்திருக்கும் ஒரு பெரிய பலகை, அதன்மேல் பச்சை ரெக்சின். அவ்வளவுதான் அது. ஆனால் பதினாறு வருஷம் அவர் அதில்தான் குனிந்திருந்தார். வலது பக்க ஓரத்தில் ரெக்சின் லேசாகக் குழிந்திருக்கும். அங்கே டீ டம்ளரை வைத்தால் சாயும். சாயும் என்று தெரிந்தும் தினம் அங்கேயே வைப்பார், தினம் சாயும், தினம் அவள் துடைப்பாள். இப்போது அந்த இடத்தில்தான் அவளும் டம்ளரை வைக்கிறாள்.

காலி செய்ய ஒரு மாதம் இருக்கும்போது கட்டடக்காரர் தரப்பு மேனேஜர் வந்தார். வயசானவர், கக்கத்தில் ஒரு ஃபைல், கையில் டார்ச். பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரில் டார்ச் அடித்துப் பார்க்கிறவரை வேறு என்னவென்று சொல்வது, பட்டாசு அந்த நிமிஷமே அவருக்கு டார்ச்சுக்காரர் என்று பேர் வைத்துவிட்டாள்.

"எப்படி வாங்கினீங்களோ அப்படியே திருப்பிக் கொடுக்கணும்மா," என்றார் அவர். "அதுதான் ஒப்பந்தம். வழக்கமான தேய்மானத்தை மட்டும் விட்டுடுவோம்."

"நாங்களும்தான் இங்க உட்கார்ந்து தேஞ்சிருக்கோம். எங்களை யாரு சார் பூசித் தருவா?" என்றாள் பட்டாசு.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அறையோடு ஒப்பிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே போனார். ஆணி அடித்த ஓட்டை நூற்று நாற்பத்து மூன்று. ஏசிக்காகச் சுவரில் போட்ட துளை ஒன்று. தரையில் கார்ப்பெட் ஒட்டின பசை. வெளியே பெயர்ப்பலகை மாட்டின போல்ட் நாலு. புதிதாக இழுத்த பிளக் பாயிண்ட் ஆறு. எல்லாவற்றையும் சரிசெய்தால்தான் கையெழுத்து. கையெழுத்து ஆனால்தான் அட்வான்ஸ் திரும்பும்.

"பதினாலாவது," என்றார் கடைசியில். "உள் அறைக் கதவு."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உள் அறைக்கு ஏது சார் கதவு?" என்றாள் அண்ணி. "நான் இங்க வந்ததுலேர்ந்து அது திறந்த அறைதான்."

அது நிஜம். ஆபீஸ் ஆரம்பித்த ஆறு மாதம் கழித்துத்தான் அவள் தன் பழைய வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். முன்னறையில் அவள் நாற்காலி, உள்ளறையில் அவர் மேஜை, நடுவில் வெறும் நிலை. தலையைத் தூக்கினால் ஆள் தெரியும். "ஏம்ப்பா, அந்தச் சமையலறை ஜன்னல் எத்தனை அடி?" என்று அவர் கேட்க, உட்கார்ந்த இடத்திலிருந்தே இவள் பதில் சொல்ல, அப்படித்தான் பதினாறு வருஷம் ஓடியது.

டார்ச்சுக்காரர் போட்டோவைக் காட்டினார். அதில் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பான கதவு சாத்தியிருந்தது. பிறகு நிலையின்மேல் வெளிச்சம் அடித்தார். பெயிண்டுக்கு அடியில் மூன்று இடத்தில் கீல் வெட்டு தெரிந்தது. "இந்த வராந்தாவுல எல்லா அறைக்கும் ஒரே மரத்துல செஞ்ச கதவும்மா. பலகை ஏழுக்கு மூணு அடி. எங்க வெச்சிருக்கீங்கன்னு தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா அதே அளவுல புதுசு போட்டுடுங்க. வேற மரமா இருந்தாலும் பரவாயில்ல, நான் எழுதிக்கறேன்."

அவர் போனதும் பட்டாசு பரணில் ஏறித் தேடினாள், வாட்ச்மேனைக் கேட்டாள், மொட்டை மாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எங்க அண்ணன் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பார்."

"மரக்கதவை எந்த இரும்புக்காரன்டி எடுப்பான்?"

"அவர் போட்டிருந்தா எடுத்திருப்பான். பேசியே தள்ளிவிட்டிருப்பார்."

சிரித்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள். அண்ணி புது இடத்து அளவுகளைச் சரிபார்க்கலாம் என்று பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். மேஜையை அளந்து, தன் கையாலேயே எழுதிவைத்த சீட்டு. மேஜை: 7 × 3.

சீட்டிலிருந்து தலையைத் தூக்கி உள்ளறை மேஜையைப் பார்த்தாள்.

எத்தனை ஆயிரம் பிளானில் இந்த எண்ணை எழுதியிருப்பாள்! வாசற்கதவு, கொல்லைக்கதவு, படுக்கையறைக் கதவு, ஊரிலுள்ள கதவுக்கெல்லாம் ஏழுக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தவள், ஏழுக்கு மூன்று பலகையின் மேலேயே காகிதத்தை விரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். மேஜையை மேஜை என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் அதைப் பார்க்கிறார்கள்? எழுந்து போய் வலது ஓரத்துக் குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ரெக்சினுக்கு அடியில் வட்டமாக, வெறுமையாக ஓர் ஓட்டை. பூட்டு இருக்கவேண்டிய இடம்.

அந்த முதல் மாசம் மேஜை வாங்கக் காசிருந்திருக்காது, மனுஷர் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டிருக்கிறார். அவர் செய்யக்கூடியதுதான். செய்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருந்ததும் அவர் செய்யக்கூடியதுதான்.

இது அவருடைய மேஜை இல்லை. கட்டடக்காரரின் கதவு. இதைக் கொடுத்துவிட்டால் அவளுக்கென்று மிச்சம் இரண்டு இரும்புப் பெட்டி.

பட்டாசு திரும்பி வருவதற்குள் அண்ணி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். போனை எடுத்து டார்ச்சுக்காரரை அழைத்தாள். "தேடிப் பார்த்துட்டோம் சார். அந்தக் கதவை அவர் என்ன பண்ணினார்னு தெரியல. அவரைக் கேட்கவும் வழியில்ல. புதுசே போட்டுடறோம்."

"சரிம்மா," என்றார் அவர். ஒரு நொடி கழித்து, "அவர் நல்ல மனுஷன்," என்றும் சொன்னார்.

போனை வைத்த பிறகு அவளுக்குக் காது சுட்டது. பொய் சொன்னது போதாதென்று, பழியைத் தூக்கி வாய் திறக்க முடியாத ஆள் தலையில் அல்லவா போட்டுவிட்டாள்! போகட்டும், பாஸ்வேர்டைச் சொல்லாமல் போனாரே, அதற்கு இது சரியாகப் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியாகத்தான் போகவில்லை. அடுத்த நாலு நாளும் அந்த மேஜையில் டம்ளரை வைக்கவே கை வரவில்லை.

வேலை தொடங்கியது. பெயிண்டர் ஓட்டைகளையெல்லாம் அடைத்து, தேய்த்து, வெள்ளை பூசினார். நூற்று நாற்பத்து மூன்றுக்கு மேல் இன்னும் பதினொன்று இருந்தது. "டார்ச்சுக்குத் தப்பினதும் உண்டு போல," என்று பட்டாசு சந்தோஷப்பட்டாள். ஏசி துளையைக் கொத்தனார் வந்து மூடினார். தரைப் பசையைச் சுரண்டப் பட்டாசே முட்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் சுரண்டி, மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒட்டினவன் கையில கிடைச்சான்னா அவனையே ஒட்டிடுவேன்," என்றாள். ஒட்டினது அவள் அண்ணன்தான். பார்க்கப் பார்க்க அறை தங்களை மறந்துகொண்டே வருவதாக அண்ணிக்குப் பட்டது. பெயிண்ட் வாசனையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

ஒப்படைக்கிற நாளும் வந்தது. பத்து மணிக்குத் தச்சர் புதுக் கதவோடு வந்து சேர்ந்தார். கனமான ஆள், மெல்லப் பேசுகிறவர். அளவு பிசகாமல் செய்து, பூட்டுக்கு ஓட்டைகூடப் போட்டு எடுத்து வந்திருந்தார். கீழே சாமான் வண்டி நின்றது. பன்னிரண்டு மணிக்கு டார்ச்சுக்காரர் வருவார்.

"முதல்ல இந்த மேஜையை இறக்கிடலாம்மா, அப்புறம் கதவு மாட்ட இடம் இருக்கும்," என்றார் தச்சர். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைப் பட்டாசு பிடித்தாள். தூக்கினார்கள். இடது பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் சந்து விட்டு இரண்டு சின்னக் கட்டை வைத்திருந்தது. அந்தச் சந்தில் பலகையோடு ஒட்டிவைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் டங்கென்று பெட்டியின்மேல் விழுந்தது.

"என்னது அது?" என்று பட்டாசு பலகையைச் சாய்த்து நிறுத்தினாள். நிறுத்தியவள் அப்படியே நின்றாள்.

பலகையின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில், போட்டோவில் பார்த்த அதே மெருகோடு இருந்தது. பெட்டி மறைத்திருந்த மூலையில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பிளானில் எழுதுகிற அதே அச்சுக் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. பட்டாசு சத்தமாகவே படித்தாள்.

"கட்டடக்காரர் கதவு. காலி செய்யும்போது மாட்டிக் கொடுக்க வேண்டும். கீல் மூன்று, திருகு பதினெட்டு, பூட்டு ஒன்று, கைப்பிடி ஒன்று, எல்லாம் இந்தப் பொட்டலத்தில். இந்தப் பக்கம் மேலே வரும். அறைக்கு உள்பக்கமாகத் திறக்கும்."

கீழே ஒரு சின்ன அம்புக்குறி வேறு போட்டிருந்தார்.

தச்சர் பொட்டலத்தைப் பிரித்துத் திருகுகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். பதினெட்டு. துரு ஏறாமலிருக்க எண்ணெய் தடவிய துணியில் சுற்றியிருந்தது.

பிறகு பட்டாசு குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்த வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அண்ணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சரி விடுங்க. புதுக் கதவு வந்தாச்சு. இதை வண்டியில ஏத்திடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் ஒண்ணும் பார்க்கலம்மா," என்றார் தச்சரும், திருகுகளைப் பார்த்தபடியே. "எது சொல்றீங்களோ அதை மாட்டறேன்."

அண்ணி அந்தக் காகிதத்தின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் வெடித்தது பட்டாசு இல்லை, அவள்தான்.

"ஏன் மனுஷா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத் தோணல. ஒரு வருஷம் நாயா அலைஞ்சேன். ஒரு காகிதம், ஒரு துண்டுச் சீட்டு எழுதி வெச்சியா எனக்கு? ஒரு கதவுக்கு இத்தனை ஏற்பாடா? எண்ணெய் தடவித் துணியில சுத்தி வெச்சிருக்கியே! கதவு உனக்கு என்ன சொந்தமா? நான் யாரு?"

தச்சர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பட்டாசு பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். அண்ணி அழுதாள். மூன்று வருஷம் அழுததெல்லாம் அவர் போனதற்கு. இது அவர்மேல் இருந்த கோபத்துக்கு. அழ அழ அந்தக் கோபம் எங்கேயோ வடிந்துகொண்டே போவது அவளுக்கே தெரிந்தது.

"எங்க அண்ணன் இரவல் வாங்கின சாமானைத்தான் ஒழுங்கா வெச்சுப்பார் அண்ணி," என்றாள் பட்டாசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சொந்தச் சாமான் எங்கயும் போகாதுன்னு நினைச்சுடுவார். எனக்கும் அப்படித்தான். என் கல்யாணத் தேதியையே மறந்துட்டு வெளியூர் போனவர்."

அண்ணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தச்சரைக் கூப்பிடு."

தச்சர் வந்தார்.

"இதையே மாட்டுங்க. அவர் எழுதினபடியே."

"அப்போ புதுசு?"

அண்ணி அதைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்றது, ஏழுக்கு மூன்று. "அது வண்டியில ஏறட்டும். அந்த இரண்டு பெட்டிமேல படுக்கப் போட்டுக்கறேன்."

"அதுல பூட்டுக்கு ஓட்டை போட்டாச்சேம்மா."

"இருக்கட்டும். டம்ளர் சாயறதுக்கு ஓர் இடம் வேணும்."

ரெக்சினைத் தச்சர் பக்குவமாக ஓரத்து டேப்பை உரித்து எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். அதற்கடியில் கம்பளித் துணி ஒன்று பரப்பியிருந்தது, கதவில் கீறல் விழக்கூடாதென்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் காம்பஸ் முள் ரெக்சின், துணி இரண்டையும் தாண்டி இறங்கி, ஒரு கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். மற்றபடி கதவு அன்றைக்குக் கழற்றியது போலவே இருந்தது. நிலையின் பெயிண்டைச் சுரண்டியதும் பழைய வெட்டில் கீல்கள் சண்டை போடாமல் போய் உட்கார்ந்தன.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டார்ச்சுக்காரர் வந்துவிட்டார். சுவர், தரை, துளை, போல்ட் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், உள்ளறை நிலைக்கு வந்ததும் நின்றார். போட்டோவை எடுத்தார். கதவைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"பழைய கதவேல்ல இது! எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கேயேதான் சார் இருந்துச்சு," என்றாள் அண்ணி. "அவர் பத்திரமாத்தான் வெச்சிருந்தார். எனக்குத்தான் சொல்ல மனசு வரல. அன்னிக்கு போன்ல நான் சொன்னது பொய்."

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கதவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்; அந்தப் புள்ளிகள் இருந்த இடத்தில் விரல் நின்றது. அவர் பேனாவைத் திறந்து, பதினாலாவது வரிக்கு எதிரே நிதானமாக எழுதினார்: வழக்கமான தேய்மானம்.

பிறகு உள்ளே போய், சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்தினார். பூட்டு நாக்கு க்ளிக் என்று விழுந்தது. அந்தச் சத்தத்தை அண்ணி அந்த ஆபீஸில் கேட்டதே இல்லை. முன்னறையில், தன் நாற்காலி இருந்த இடத்தில் நின்றிருந்தவள், பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்புப் பலகைதான் தெரிந்தது.

டார்ச்சுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "கச்சிதமா இருக்கும்மா. சாவியைக் கொடுத்துட்டீங்கன்னா நீங்க கிளம்பலாம்."

அண்ணி சாவியைக் கொடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்," என்றாள். "இந்தத் தடவை நான் சாத்தறேன்."

நிலையருகே போய் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளைச் சுவர், துடைத்த தரை, ஜன்னல் வெளிச்சம். "போயிட்டு வரேங்க," என்று சொன்னாள், அவருக்குக் கேட்கிற அளவுக்கு. பிறகு கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டு, சாவியைக் கொடுத்தாள்.